குமாஸ்தாவின் கதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் ‘புதிய பதிவேடு’ குறுநாவலைப் படித்தேன். 1940-இல் கொரியாவின் ஜொல்லா பகுதியில், சில கிராமங்களுக்குப் பொதுவான ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொரியக் குமாஸ்தாதான் நாயகன். அரசு உத்தரவுப்படி ஊராரின் பெயர்களை ஜப்பானியப் பெயர்களாகப் பதிந்துகொண்டே போகிறான், கடைசி வரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் உயிரைக் கொடுத்துப் போராடிய நாட்டில் உங்களுக்கு இப்படி ஒருவன்தானா கிடைத்தான்? ஜப்பானியர் கதையில் வருவதே இரண்டு இடங்களில்தான், அங்கேயும் மரியாதையாகப் பேசுகிறார்கள். இது அவர்கள் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவது ஆகாதா? அப்புறம், கிழவி வெண்கலப் பாத்திரங்களை ஒப்படைக்கும் அத்தியாயம் ஏன் அவ்வளவு நீளம்?

ரா. ம., திண்டுக்கல்

அன்புள்ள ரா. ம.,

அந்தக் குமாஸ்தா மேல் கோபம் வரவேண்டும் என்றுதான் எழுதினேன். கோபம் வந்த பிறகும் அவன் கூடவே நீங்கள் கடைசிப் பக்கம் வரை போயிருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

1919 மார்ச் 1 அன்று சியோலில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய எழுச்சியையும், சிறையில் செத்த யூ குவான்-சுன் என்ற பள்ளி மாணவியையும் கொரியர்கள் மறக்கவே இல்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஜப்பானிய ஆட்சி 1910 முதல் 1945 வரை 35 வருஷம் நடந்தது. அந்த 35 வருஷத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவ்வளவு நீண்ட ஆட்சி துப்பாக்கியை மட்டும் வைத்து நடக்காது, பேனா பிடிக்கிறவனும் வேண்டும். அந்தப் பேனா பல இடங்களில் கொரியன் கையில்தான் இருந்தது. எனக்கு எழுதத் தோன்றியது அந்தக் கையைத்தான்.

பெயர் மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940 பிப்ரவரி 11 முதல் ஆறு மாதம் கெடு. சட்டத்தின் வாசகப்படி விண்ணப்பிப்பது அவரவர் விருப்பம். முதல் மாதங்களில் வெகு சிலரே விண்ணப்பித்தார்கள். பிறகு நெருக்க ஆரம்பித்தார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதில் சிக்கல், அலுவலகத்தில் மனுவைத் தொடவே மாட்டார்கள். ஆகஸ்டில் கெடு முடிந்தபோது ஏறக்குறைய 80 சதவீதக் குடும்பங்கள் பெயரைப் பதிந்திருந்தன. விண்ணப்பிக்காதவர்களும் தப்பவில்லை, குடும்பத் தலைவரின் பழைய குலப்பெயரே ஜப்பானிய முறைப்படி வீட்டுப்பெயராகப் பதிவானது. கொரியாவில் மனைவி தன் அப்பாவின் குலப்பெயரைச் சாகும் வரை வைத்திருப்பாள், புதுச் சட்டம் அவளையும் கணவன் வீட்டுப்பெயருக்குள் கொண்டுபோய்விட்டது. கிம் என்று கொரியர் படிக்கும் சீன எழுத்தை ஜப்பானியர் ‘கனே’ என்று படிப்பார்கள், கிம் குலத்தார் பலர் அந்த எழுத்தாவது உள்ளே இருக்கட்டும் என்று கனேமோட்டோ, கனேடா என்று தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு, முன்னோருக்கு முகம் காட்ட முடியாமல் கிணற்றில் விழுந்து செத்தவரும் உண்டு.

இப்போது சொல்லுங்கள், இதில் ஜப்பானிய அதிகாரி கத்த வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? அவர் மரியாதையாகவே பேசலாம், எல்லா வேலையும் கீழே நடந்துவிடும். இதில் குற்றம் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை, கத்துகிற வில்லனை எழுதியிருந்தால்தான் குறைந்திருக்கும், அவன் ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம்.

போராளி, துரோகி என்று இரண்டு பெட்டியில் பிரித்துப் போடுவதும் அங்கே சுலபமில்லை. 1919 பிப்ரவரியில் டோக்கியோவில் கொரிய மாணவர்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் யி குவாங்-சு, கொரிய நவீன நாவலின் முன்னோடி. அவரே 1940-இல் கயாமா மிட்சுரோ ஆகி, மற்றவர்களையும் மாறச் சொன்னார். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள், அவர் பேச்சுக்கு எடை இருந்தது. இன்னொரு பக்கம் கவிஞர் யுன் டோங்-ஜு. ஜப்பானில் போய்ப் படிக்க ஆவணங்கள் வேண்டும், அதற்காக 1942 ஜனவரியில் ஹிரானுமா என்ற பெயரைப் பதிந்தார், சில நாள் முன்னால்தான் அந்த வெட்கத்தைக் கவிதையாக எழுதி வைத்திருந்தார். மறு வருஷம் கைதானார், 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகா சிறையில் 27 வயதில் செத்தார். இரண்டு பேரும் பெயர் மாற்றியவர்கள்தான், ஆனால் ஒரே தராசில் வைக்க முடியுமா?

நமக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய்ச் சாகடித்த சயாம் ரயில்பாதையில், போர்க்கைதி முகாம்களின் காவலர்களில் பலர் கொரியர்கள். போருக்குப் பின் போர்க்குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்ட கொரியர்கள் 148 பேர், அதில் 23 பேருக்கு மரண தண்டனை. கைதிகளை அடித்தவர்களும் இருந்தார்கள், அவர்களே ஜப்பானியச் சிப்பாயிடம் அறை வாங்கியவர்களாகவும் இருந்தார்கள். என் குமாஸ்தாவின் தம்பி அந்த வேலைக்குப் பெயர் கொடுக்கும் வரி ஏன் கதையில் இருக்கிறது என்பது இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புரியும்.

சரி, பாத்திரங்களுக்கு வருகிறேன். அந்த அத்தியாயத்தைச் சுருக்கச் சொல்லி நண்பர்களும் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பண்டிகைக்கு முன்னால் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து, ஓட்டுச்சில்லை இடித்துப் பொடியாக்கி, வைக்கோலில் தொட்டு, அந்த வெண்கலக் கிண்ணங்களை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார்கள். முன்னோருக்குப் படையல் வைப்பதும் அதில்தான். அந்தக் கிண்ணத்திலிருந்து சோறு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, 1930-களின் நடுவில் விளைந்த அரிசியில் ஏறக்குறையப் பாதி குன்சான் போன்ற துறைமுகங்கள் வழியாக ஜப்பானுக்குப் போனது, விளைவித்தவன் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைத் தின்றான். போர் முற்றியதும் குண்டு செய்ய உலோகம் வேண்டும் என்று கிண்ணத்தையும் கேட்டார்கள். சிலர் மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். என் கிழவி கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்கிறாள், புருஷனின் கரண்டியை மட்டும் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறாள். குமாஸ்தா அதைப் பார்த்துவிடுகிறான், எண்ணிக்கையைச் சரியாக எழுதிவிட்டதாகத் தலையாட்டுகிறான். எதிர்ப்பே இல்லை என்கிறீர்கள். அவனால் முடிந்தது அந்தத் தலையாட்டல்தான், அது போதாது என்று அவனுக்கும் தெரியும்.

அடுத்த பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1946 அக்டோபரில் தெற்கே அமெரிக்க ராணுவ அரசு பழைய பெயர்களைத் திரும்பப் பதிய உத்தரவு போட்டது. அதே பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு என் குமாஸ்தா மறுபடி உட்காருகிறான், இந்த முறை ஊரார் அவன் மேசைக்கு எதிரே நின்று என்ன பேசுவார்கள் என்பதில்தான் இப்போது தடுமாறிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் படித்துவிட்டு, இதே கோபத்தோடு எழுதுங்கள்.