போலோவை ட்யூன் செய்வதா, ஐ20 என் லைன் வாங்குவதா?

கேள்வி: 2021 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல் வைத்திருக்கிறேன். 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) வாங்கலாமா? இல்லை, ஒரு லட்சம் போட்டு இதையே ட்யூன் செய்யலாமா? லீவு கிடைத்தால் வால்பாறை, ஊட்டி என்று மலை ஏறிவிடுவேன்.
- கோவை வாசகர்

பதில்: உங்கள் போலோ 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 என்எம் (டார்க், அதாவது இழுவிசை). என் லைன் 120 பிஎஸ், 172 என்எம். பத்துக் குதிரைக்காகப் பல லட்சம் கைவிட்டுப் போக வேண்டுமா? பெயரில் இருக்கும் 'என்' எழுத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஐரோப்பாவில் விற்ற 204 பிஎஸ் 'ஐ20 என்' வேறு வண்டி, அது இங்கே வரவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் நம்ம என் லைன், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல சைலன்சர் சத்தமும் கொண்ட ஐ20. ஓட்ட ஜாலியான வண்டிதான், மறுக்கவில்லை.

அதனால் போலோவை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ட்யூன் என்றதும் நேராக ரீமேப்புக்கு (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டுவது) ஓடாதீர்கள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது உங்களைக் காப்பாற்றப்போவது பிரேக்தான், அதுவும் போலோவில் பின் சக்கரங்களுக்கு டிஸ்க் இல்லை, டிரம் பிரேக்தான். முதலில் நல்ல பிரேக் பேட் போட்டு பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு மேல் விடக்கூடாது. அப்புறம் நான்கு நல்ல டயர். 58,000 கி.மீ. ஓடிய ஷாக் அப்சார்பரையும் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நான் என் பழைய வண்டியில் முதல் வேலையாக சைலன்சரை மாற்றினேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்தினார்.

இத்தனைக்கும் பிறகு காசு மிஞ்சினால் ரீமேப். கம்பெனி வாரண்டி எப்படியும் முடிந்திருக்கும், ஆகவே கூடுதல் பவரில் கிளட்ச் போனால் செலவு உங்கள் தலையில். சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்மில் சிக்கல் வரும்.

வீட்டில் எல்லோரும் ஏறும் ஒரே கார் இதுதான் என்றால் என் பதில் மாறும். போலோவில் ஏர்பேக் இரண்டு, என் லைனில் ஆறு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். அந்தக் காரணத்துக்காக மாற்றினால் தப்பே இல்லை. 2025 செப்டம்பரில் இந்த அளவு கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் உங்களுக்குச் சாதகம்.

சரி, வாங்குவதென்று முடிவு செய்தால் ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டில் அதுவரை சாலை வரி 13 சதவீதம், தாண்டினால் 18. விலை 9.9 லட்சமென்றால் வரி சுமார் 1.29 லட்சம், 10.1 லட்சமென்றால் 1.82 லட்சம். ஆசைப்பட்டு மேல் வேரியன்ட் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.