டொம்காட்டில் ஓடும் பழைய வார் கோப்பை ஓஎஸ்ஜிஐ கண்டெய்னருக்குள் ஏற்ற, முழுவதையும் திருப்பி எழுத வேண்டுமா?

வேண்டாம். டொம்காட் என்ற ஜாவா வெப் சர்வரில் பல வருடங்களாக ஓடும் அப்ளிகேஷனை அப்பாச்சி கராஃப் என்ற ஓஎஸ்ஜிஐ கண்டெய்னருக்கு மாற்ற மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதைச் சின்னச் சின்ன பண்டில்களாக உடைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வார் என்பது முழு வெப் அப்ளிகேஷனையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு. ஓஎஸ்ஜிஐ என்பது ஜாவா அப்ளிகேஷனைப் பண்டில் என்ற தனித்தனித் துண்டுகளாக ஓடவிடும் முறை. முதலில் உடைக்காமல் அப்படியே ஏற்றுங்கள். அது ஓடத் தொடங்கிய பிறகு உடைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கொழும்பில் எனக்குத் தெரிந்த ஜாவா ஆட்கள் பலருக்கு ஓஎஸ்ஜிஐ பழக்கமானதே டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் கார்பன் தளத்தால்தான். அது ஈக்வினாக்ஸ் என்ற ஓஎஸ்ஜிஐ கண்டெய்னரின் மேல் கட்டப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் எல்லாவற்றையும் பண்டிலாகவே பார்த்துப் பழகியதால், வார் கோப்பைக் கண்டதும் கத்தியை எடுத்துவிடுகிறார்கள். 2010இல் வந்த ஓஎஸ்ஜிஐ என்டர்பிரைஸ் 4.2லேயே இதற்கு வழி இருக்கிறது. சாதாரண வார் கோப்பின் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் பண்டில் பெயர், அப்ளிகேஷன் எந்த முகவரிப் பாதையில் திறக்கும் என்று சொல்லும் வெப்-கான்டெக்ஸ்ட்பாத் போன்ற வரிகள் சேர்ந்தால் அது வெப் அப்ளிகேஷன் பண்டில் ஆகிவிடும். கராஃபில் 'வார்' ஃபீச்சரை இன்ஸ்டால் செய்துவிட்டு, கோப்பின் முகவரிக்கு முன்னால் 'வெப்பண்டில்:' என்றும் பின்னால் பண்டில் பெயரையும் வெப்-கான்டெக்ஸ்ட்பாத்தையும் போட்டுக் கொடுத்தால், ஏற்றும்போதே அந்த வரிகள் சேர்ந்துவிடும். சர்வ்லெட் ஏபிஐ ஜாரை (வெப் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா லைப்ரரி) மட்டும் வார் கோப்பின் வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். அதைக் கண்டெய்னர்தான் தர வேண்டும்.

பெரும்பாலும் இவ்வளவிலேயே 8181 போர்ட்டில் முகப்புப் பக்கம் வந்துவிடும். பண்டில் 'இன்ஸ்டால்ட்' நிலையிலேயே நின்றால் ஏதோ ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 'பண்டில்:டையக்' அடித்தால் எது என்று சொல்லும்.

உண்மையான சண்டை, ஜாவா கிளாஸ்களைத் தேடி எடுத்துத் தரும் கிளாஸ்லோடரோடுதான். டொம்காட்டில் உங்கள் கோடும் லிப்பில் உள்ள ஜார்களும் ஒரே லோடருக்குள் இருக்கும். யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கிடைக்கும். ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி லோடர், தன்னுள் இருப்பதைத் தவிர, வெளியே உள்ளவற்றில் மேனிஃபெஸ்டின் இம்போர்ட்-பேக்கேஜ் வரியில் எழுதியதுதான் பொதுவாக அதன் கண்ணுக்குத் தெரியும். லிப்பில் இருந்த ஒரு ஜாரை வெளியே எடுத்துப் பொதுப் பண்டிலாக்கிய அன்றுதான் இது கடிக்கும்.

எங்கள் டீமில் ஒரு தம்பி, இரண்டு அப்ளிகேஷனுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டிரைவரை அப்படி வெளியே வைத்தார். உடனே 'நோ சூட்டபிள் டிரைவர்' என்று பிழை வந்தது. "அண்ணா, ஜார் ஆக்டிவ் என்று காட்டுதே, பிறகு ஏன் இல்லை என்று சொல்லுது?" என்று கேட்டார். டிரைவரைத் தேடித் தரும் ஜாவாவின் டிரைவர்மேனேஜர், கூப்பிடுகிறவரின் லோடரால் அந்த டிரைவர் கிளாஸை எடுக்க முடிகிறதா என்று பார்க்கும். முடியாவிட்டால் அந்த டிரைவரைத் தராது. இதற்குச் சரியான வழி, பாக்ஸ் ஜேடிபிசி என்ற ஓஎஸ்ஜிஐ கருவி கொண்டு டேட்டாசோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் பொருள்) ஒரு சர்வீஸாகப் பதிவுசெய்து, அப்ளிகேஷனிலிருந்து ஜேஎன்டிஐயில் (பெயரைச் சொல்லிப் பொருளை எடுக்கும் ஜாவா வசதி) 'ஓஎஸ்ஜிஐ:சர்வீஸ்' என்று தொடங்கும் பெயரால் எடுப்பது. ஏற்கெனவே ஜேஎன்டிஐ வழியாக எடுக்கும் கோடு என்றால், மாறுவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

எக்ஸ்எம்எல்லுக்குள் வெறும் எழுத்தாக இருக்கும் கிளாஸ் பெயர்களிலும் கவனம் வேண்டும். பண்டிலின் மேனிஃபெஸ்டை உருவாக்கும் பிஎன்டி கருவி, கம்பைல் ஆன கோடைப் பார்த்துத்தான் இம்போர்ட்டுகளை எழுதுகிறது, எக்ஸ்எம்எல்லில் உள்ள பெயர் எல்லாம் அதற்குத் தெரியாது. டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்நேட்டின் பழைய பதிப்பு என்றால் அதன் ப்ராக்ஸி பேக்கேஜையும் ஜாவாசிஸ்டின் ப்ராக்ஸி பேக்கேஜையும் கையாலேயே சேர்க்க வேண்டும்.

டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜில் நட்சத்திரம் போட்டால் எல்லாம் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. பிழையைத் தேடும்போது மட்டும் போட்டுப் பாருங்கள், புரடக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், உங்களிடம் இருப்பது இந்த ஒரு அப்ளிகேஷன் மட்டும்தான், மற்றவற்றோடு எதையும் பகிரப் போவதில்லை என்றால், டொம்காட்டிலேயே இருக்கட்டும் என்று மேலிடத்தில் துணிந்து சொல்லுங்கள். மாறியே ஆக வேண்டும் என்றால், கோடில் இருப்பது ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்டா ஜகார்த்தா சர்வ்லெட்டா (ஒரே ஏபிஐயின் பழைய, புதிய பேக்கேஜ் பெயர்கள்) என்று இன்றைக்கே பாருங்கள். கராஃப் 4.4இல் வரும் பாக்ஸ் வெப் 8 என்ற வெப் பகுதி ஜாவாஎக்ஸ் பக்கம். ஜகார்த்தாவைக் கேட்கும் ஸ்பிரிங் 6க்கு ஏற்கெனவே போய்விட்ட கோட் அதற்குள் இப்படி ஏறாது.