மால்ட்டின் சூட்டையும் கணக்கில் சேருங்கள்: வீட்டு பீர் கேள்வி-பதில்

கேள்வி (லண்டன்): 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), 15 லிட்டர் தண்ணீர். செய்முறையில் சொன்னபடி 73 டிகிரி செல்சியஸ் வெந்நீரை கூல் பாக்ஸில் ஊற்றி, மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் 67-க்குப் பதில் 64-தான் வருகிறது. மால்ட் மூட்டையை கராஜில் வைத்திருக்கிறேன், அங்கே இப்போது 8 டிகிரி. பெட்டி சரியில்லையா? ஸ்டீல் மாஷ் டன் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரம்) வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பெட்டியின் மேல் பெரிய குற்றம் இல்லை. மால்ட் 20 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தச் செய்முறையில் 73 என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் மால்ட் 8 டிகிரி. வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கு இதுதான். மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவைதான் மாஷ். வேண்டிய மாஷ் சூட்டிலிருந்து மால்ட்டின் சூட்டைக் கழியுங்கள். வந்ததை 0.41-ஆல் பெருக்கி, ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீரோ அந்த எண்ணால் வகுங்கள். விடையை வேண்டிய சூட்டோடு கூட்டினால், வெந்நீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் ஒரு கிலோ மால்ட்டுக்கு வேண்டும். அந்த 0.41 அதிலிருந்து வருவது.

உங்களுக்கு கிலோவுக்கு 3 லிட்டர். மால்ட் 20 டிகிரி என்றால் வெந்நீர் 73.4. மால்ட் 8 டிகிரி என்றால் 75.1. நீங்கள் 73-ல் ஊற்றியதால் கணக்குப்படியே 65.2-தான் கிடைத்திருக்கும். மீதி ஒரு டிகிரிதான் பெட்டி இழுத்துக்கொண்டது. குளிர்ந்த ஸ்டீல் டன்னும் அப்படித்தான் இழுக்கும். காப்பு உறை இல்லாத டன்னாக இருந்தால் மாஷ் ஓடும் ஒரு மணி நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு வேலை செய்யுங்கள். மால்ட்டை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். காலையில் மூட்டையின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி அதன் சூட்டைப் பாருங்கள். அறையின் சூட்டை வைத்து ஊகிக்க வேண்டாம், பெரிய மூட்டையின் நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும். அடுத்து, கணக்கில் வந்ததைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலான வெந்நீரை முதலில் பெட்டியில் ஊற்றி மூடிவையுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து, கிளறி, கணக்கில் வந்த சூட்டுக்கு இறங்கியதும் மால்ட்டைக் கொட்டுங்கள். பெட்டி குடிக்க வேண்டிய சூட்டை அதற்குள் குடித்திருக்கும், அதற்கென்று தனிக் கணக்கு வேண்டாம். விலை குறைந்த பெட்டிகளின் உள் பிளாஸ்டிக், கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். 80 டிகிரிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எந்தத் தெர்மாமீட்டர் வாங்கலாம்? என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் மூன்று டிகிரி வித்தியாசம் காட்டுகின்றன.

பதில்: இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். வீட்டு பீருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு நல்ல தெர்மாமீட்டராக இருக்கட்டும். மூன்று டிகிரி என்பது இங்கே சின்ன விஷயமில்லை. மால்ட்டில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இரண்டு. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும், 70-ஐ நெருங்கினால் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 68 முதல் 72 வரை பிடிக்கும். 64-ல் மாஷ் செய்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம், பீர் வறண்டு லேசாக இருக்கும். 69-ல் செய்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் (பாதி உடைந்த மாவுச்சத்து) மிஞ்சும், பீர் கனமாக இருக்கும். ஆகவே மூன்று டிகிரி தப்பாகக் காட்டும் கருவியை நம்பினால், நீங்கள் நினைத்த பீர் ஒன்று, கிடைக்கும் பீர் வேறொன்று.

கெட்டிலில் (பீர் காய்ச்சும் பானையில்) திருகிவரும் வட்ட முள் தெர்மாமீட்டரை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், அளவுக்கு நம்ப வேண்டாம். கண்ணாடித் தெர்மாமீட்டர் மாஷுக்குள் உடைந்தால் அத்தனையையும் கொட்ட வேண்டியதுதான். அகச்சிவப்புத் துப்பாக்கி மேற்பரப்பை மட்டும் பார்க்கும், ஆவி குறுக்கே வந்தால் அதுவும் தப்பு. ஐந்து வினாடிக்குள் காட்டும், பிழை அரை டிகிரிக்குள் இருக்கும் டிஜிட்டல் குத்துக்கோல் வகையை வாங்குங்கள். ஒயர் வைத்த வகை என்றால், ஒயரும் உலோகமும் சேரும் இடம் நீர் புகாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் நீர் கசிந்தால் காட்டும் எண் தாறுமாறாக ஓடும், விலை குறைந்தவை கெடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

எது வாங்கினாலும் சோதியுங்கள். பொடித்த ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் கிளறினால் 0 காட்ட வேண்டும். ஐஸ் மிதக்கும் தண்ணீர் போதாது, அடியில் சில டிகிரி கூடுதலாக இருக்கும். கொதிநீரில் 100. மேட்டுநிலத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளிக்கு, 39 டிகிரி வெந்நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள், அது நம்பகமானது.

கேள்வி (சிங்கப்பூர்): ஒரே பானையில், பைக்குள் மால்ட் போட்டுச் செய்கிறேன். 3 கிலோ மால்ட், 18 லிட்டர் தண்ணீர். ஆங்கிலச் செய்முறைப்படி 73-ல் தொடங்கினேன். பீர் தித்திப்பாக நின்றுவிட்டது.

பதில்: லண்டன்காரருக்கு நேர்மாறான சிக்கல். உங்கள் மால்ட் 29 டிகிரியில் இருக்கும், தண்ணீரோ கிலோவுக்கு 6 லிட்டர். இவ்வளவு தண்ணீருக்கு முன்னால் மால்ட்டால் சூட்டை அதிகம் இறக்க முடியாது. 73-ல் போட்டால் மாஷ் 70.2-ல் நிற்கும். பீட்டா அமைலேஸ் போய்விட்டது. 66 வேண்டுமென்றால் வெந்நீர் 68.5 போதும். அடுப்பை அணைத்துவிட்டு மால்ட்டைப் போடுங்கள், பானையைப் போர்வையால் சுற்றுங்கள். பை அடியில் படிந்திருக்கும்போது அடுப்பை எரியவிட்டால் துணி கருகும். சட்டப்படி உங்களுக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

கேள்வி: மாஷ் கலந்த பிறகு சூடு தப்பிவிட்டால்?

பதில்: முதலில் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறி, மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மால்ட் கட்டிக்குள்ளே மாவு உலர்ந்து கிடக்கும், அங்கே சூடு வேறாக இருக்கும்.

கூடியிருந்தால் உடனே இறக்குங்கள், அழிந்த நொதி திரும்பாது. 5 கிலோ மால்ட்டும் 15 லிட்டர் தண்ணீரும் 71-ல் இருந்து 67-க்கு வர, 15 டிகிரித் தண்ணீர் 1.3 லிட்டர் வேண்டும். ஐஸ் என்றால் அரைக் கிலோ போதும், மாஷும் நீர்த்துப்போகாது. குறைந்திருந்தால் பதற வேண்டாம். 64-ல் இருந்து 67-க்கு ஏற்றக் கொதிநீர் 1.55 லிட்டர் ஆகும். ஆனால் 64-ம் நல்ல சூடுதான். பேல் ஏல், பிட்டர் போன்ற லேசான பீர் செய்கிறவர்கள் அப்படியே விட்டு, ஒரு மணிக்குப் பதில் 75 நிமிடம் வைக்கலாம். ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீர் என்றால் ஏற்றுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரி இறங்குகிறது. சரியா?

பதில்: சரி. இன்றைய மால்ட்டில் பெரும்பாலான வேலை முதல் இருபது நிமிடத்திலேயே முடிந்துவிடும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் சூட்டை அதிகம் இறக்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

பதில்: உரிமம் இல்லாமல் முடியாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டு உபயோகத்துக்கு உரிமம் வேண்டியதில்லை, விற்கக் கூடாது.

கேள்வி (டொரான்டோ): எல்லாம் ஒன்றான மின்சாரக் கருவி வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே?

பதில்: கணக்கு அப்படியே இருக்கும், திருத்துவது மட்டும் எளிது. சென்சார் அடித்தட்டில் இருப்பதால் திரையில் 67 என்று காட்டும்போதே மால்ட்டின் நடுவில் 64 இருக்கலாம். மாஷ் நீரைச் சுற்றவிடும் பம்பை மெதுவாக ஓட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நடுவில் குத்திப் பாருங்கள். வேகமாக ஓட்டினால் மால்ட் படுகை இறுகி, நீர் இறங்காது. பிறகு கருவி சூடேற்றிக்கொண்டே இருக்கும், அடி கருகும்.

வாங்குமுன் வாட்டைப் பாருங்கள். கனடாவின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் கருவிகள் 1600 வாட் அளவில்தான் இருக்கும். 25 லிட்டரை 15-ல் இருந்து 70-க்குக் கொண்டுவர அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 240 வோல்ட் இணைப்பில் 2400 வாட் கருவி நாற்பது நிமிடத்தில் முடிக்கும். 120 வோல்ட்தான் என்றால் காப்பு உறையையும் சேர்த்து வாங்குங்கள். சென்சார் காட்டும் எண்ணை நாமே திருத்திக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.