கொறடா உத்தரவும் மானாமதுரையும்

அன்புள்ள ஐயா,

கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் குறைகூறி நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறோம்; வேட்பாளரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. அந்தச் சின்னத்தில் வென்றுவிட்டுக் கட்சிக்கு எதிராக வாக்களிப்பவரின் பதவியைப் பறிப்பதில் என்ன தவறு?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சின்னத்துக்கே ஓட்டு விழுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சொல் கேளாத உறுப்பினரிடமிருந்து கட்சி பொறுப்பைப் பறிக்கலாம், அவரைக் கட்சியை விட்டே நீக்கலாம், அடுத்த தேர்தலில் சீட்டு மறுக்கலாம். கட்சி தர வேண்டிய தண்டனையை அரசியல் சட்டமே தருவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஒப்பந்தம் இல்லாமல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க, 2019 செப்டம்பரில் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து வாக்களித்த சொந்தக் கட்சியினர் 21 பேரை, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து விலக்கிவைத்தார். சர்ச்சிலின் பேரனும் அவர்களில் ஒருவர். ஆனால் அதனால் யாருடைய தொகுதியும் காலியாகவில்லை. நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைக்கும்போது அடுப்புத்தான் தனியாகிறது, வீட்டில் அவனுக்குள்ள உரிமை போய்விடுவதில்லை அல்லவா? நம் சட்டமோ வீட்டையே பறிக்கிறது. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தாலும், கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். கட்சியே நீக்கிவிட்டாலும் விடுதலை கிடையாது; நீக்கப்பட்டவர் வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவு கடுமையான சட்டம் உங்கள் சின்னத்தையாவது காத்ததா என்றால், 2017-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் பதவி இழக்கவில்லை. பன்னீர்செல்வம் ஆகஸ்டில் துணை முதல்வரே ஆனார். அன்று அரசுக்கு ஆதரவாக வாக்களித்த 18 பேர், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக, செப்டம்பரில் பேரவைத் தலைவர் தனபாலால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவையில் எதிர்த்து வாக்களித்தவர் தப்பினார், கடிதம் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார்! சட்டம் ஒன்றுதான், அதைக் கையில் வைத்திருந்தவர் ஆளுங்கட்சியில் வென்று வந்த பேரவைத் தலைவர்.

அந்த 18 தொகுதிகளில் நம் மாவட்டத்து மானாமதுரையும் ஒன்று. நீக்கத்தை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்புச் சொல்லி, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கத்தை உறுதிசெய்து, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடக்கும் வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அங்கே சட்டமன்ற உறுப்பினரே இல்லை. குடிநீருக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் எந்தக் கொறடா உத்தரவையும் மீறியவர்கள் அல்லர்.

பணத்துக்கும் பதவிக்கும் விலைபோகிறவர்களை இந்தச் சட்டம் இல்லாமல் எப்படித் தடுப்பது என்று நீங்கள் கேட்கக்கூடும். சட்டத்தையே எடுத்துவிடச் சொல்லவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு போல ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு பதவிப் பறிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே பரிந்துரைத்தது. (இந்த அளவுகோலின்படி முதலில் பதவி இழந்திருக்க வேண்டியவர்கள் அந்த 11 பேர்தான்.) தகுதி நீக்கத்தை முடிவுசெய்யும் பொறுப்பைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து ஒரு சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் தருவதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று, மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 2020-இல் சொன்னது.

மாநிலங்களவைத் தேர்தலில் இன்றும் நடப்பதைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் கட்சி அவரை நீக்கலாம், ஆனால் அந்த வாக்குக்காக அவருடைய பதவி போகாது. ஒரு சாதாரண மசோதாவின் மீதான வாக்குக்கு மட்டும் அதைவிடப் பெரிய தண்டனை எதற்கு?