தேனீ மாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சில் சிறுவர் கதைகள் எழுதிய செகூர் சீமாட்டி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அவருடைய 'சோஃபியின் துன்பங்கள்' ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். ஏழு வயதுப் பேத்திக்கு இரவில் தமிழில் சொல்லி வருகிறேன். தேனீ அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். சிறுமி தேனீயைத் துண்டு துண்டாக வெட்டுகிறாள். தண்டனையாக அந்தத் துண்டுகளையே கறுப்பு ரிப்பனில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிடுகிறாள் தாய். இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லலாமா? பேத்தியோ, "அப்புறம் அந்த மாலை என்ன ஆச்சு பாட்டி?" என்று தினமும் கேட்கிறாள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சொல்லுங்கள். ஒரு வரியையும் விடாமல் சொல்லுங்கள்.

அந்தப் புத்தகத்தைத் தன் பேத்தி எலிசபெத்துக்குத்தான் சீமாட்டி காணிக்கையாக்கினார். பாட்டி எவ்வளவு நல்லவள் என்று நீ சொல்கிறாய், ஆனால் பாட்டி எப்போதும் நல்லவளாக இருந்ததில்லை என்று அதில் எழுதுகிறார். சிறுவர்களுக்கு எழுதும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்ல மனம் வரும்? கோபக்காரி, தின்பண்ட ஆசைக்காரி, திருடித் தின்றவள் என்று தன் குழந்தைப் பருவத்தையே எடுத்து வைத்தார். நாயகிக்குத் தன் பெயரையே சூட்டினார்.

அவர் 1799இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்த சோஃபி ரோஸ்தோப்சின். 1812இல் நெப்போலியன் படை நுழைந்தபோது மாஸ்கோவின் ஆளுநராக இருந்தவர் அவருடைய தந்தை. மகள் வளர்ந்த வொரோனொவோ மாளிகையை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அவரே கொளுத்தினார். தாய் மிகக் கண்டிப்பானவர். பிரான்சுக்கு வந்து 1819இல் மணம், எட்டுக் குழந்தைகள், பல ஆண்டு நோய். நார்மண்டியில் நூவெத் மாளிகையில் பேத்திகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகள், அவர்கள் தந்தையின் பணியை ஒட்டி லண்டன் போனபோது தாளுக்கு வந்தன. முதல் நூல் 1857இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 57. கணவர் ரயில்வே கம்பெனித் தலைவர். பதிப்பாளர் ஹாஷெத் ரயில் நிலையங்களில் புத்தகக் கடைகள் நடத்தியவர். பயணத்தில் பிள்ளைகள் படிக்கவென்று வந்த இளஞ்சிவப்பு அட்டை வரிசை சீமாட்டியின் நூல்களால் வளர்ந்தது. அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது நூல்கள்! எழுத நேரமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது.

சோஃபி கதையின் முதல் அத்தியாயத்து மெழுகுப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். குளிராமல் இருக்கட்டும் என்று வெயிலில் வைக்கிறாள், கண்கள் உள்ளே போய்விடுகின்றன. குளிப்பாட்டுகிறாள், நிறம் போகிறது. சுருட்டைமுடி வேண்டுமென்று சூட்டுக்கோல் வைக்கிறாள், முடி கருகுகிறது. வெந்நீரில் கால் நனைக்கிறாள், பாதங்கள் கரைகின்றன. இத்தனையும் அன்பினால் செய்தவை. கடைசியில் பொம்மை உடைந்ததும் தோழிகள் கூடி அடக்கம் செய்கிறார்கள். அழுகை இல்லை. குழியருகே செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, மிச்சத் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துச் சிரிக்கிறார்கள். குழந்தைகளோடு நாளெல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தவரால்தான் இதை எழுத முடியும்.

அடியும் சாட்டையும் அவர் நூல்களில் நிறைய உண்டு. அந்தத் தண்டனைகளை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். தேனீ மாலையும் கொடுமைதான். ஆனால் அடிபட்ட குழந்தையின் பக்கம் நின்று எழுதியவர் அவர். பதிப்பகம் அத்தகைய இடங்களைக் குறைக்கச் சொன்னபோது மல்லுக்கு நின்றார். அவற்றை நீக்கினால் பாட்டி பொய்யாகிவிடுவாள் அல்லவா?

உங்கள் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். துண்டுகள் காய்ந்து, நாளாக நாளாகப் பொடியாகி உதிர்ந்து, ரிப்பன் மட்டும் மிஞ்சுகிறது. பால் என்ற உறவுக்காரச் சிறுவன் ஓடிப்போய்ச் சோஃபியின் தாயிடம் சொல்கிறான். அதைக் கழற்றிவிட அனுமதி கிடைக்கிறது. இன்று இரவே சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறாள்.

அன்புடன்