கேள்வி பதில்: கடலடித் துத்தநாகமும் ஆச்சியின் ஈயச் சொம்பும்

(ராஜஸ்தான் துத்தநாகச் சுரங்கங்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஓய்வில் இருக்கும் நிலவியலாளர், பல ஊர்க்காரர்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.)

தென்காசி: கடலடியில் உருவான துத்தநாக, காரீயத் தாதுவைத் தேடும்போது சுண்ணாம்புக்கல் வகைக் கார்பனேட் கனிமங்களை ஏன் சார் பார்க்கிறீர்கள்?

கேட்கவேண்டிய கேள்வி. வண்டல் நிரம்பிய கடற்பள்ளத்தின் ஆழத்தில் உப்புநீர் சூடாகும். அதிலுள்ள குளோரைடு துத்தநாகத்தையும் காரீயத்தையும் கரைத்துத் தூக்கிக்கொள்ளும். பாறைப் பிளவு வழியே மேலேறி, சேற்றில் கந்தகம் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சந்தித்ததும் சுமையை இறக்கிவிடும். அதுதான் ஸ்பாலரைட் என்ற துத்தநாகத் தாது, கலீனா என்ற காரீயத் தாது. ஒரு துத்தநாக அயனி இறங்கினால் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவரும். அமிலம்தானே, பக்கத்துக் கார்பனேட்டைத் தின்னும். கரைந்தது பிறகு இரும்பையும் மாங்கனீசையும் சேர்த்துக்கொண்டு வேறு கார்பனேட்டாகப் படியும்.

குவீன்ஸ்லாந்தின் லேடி லோரெட்டா சுரங்கத்தில் தாதுவை ஒட்டி சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட், அதற்கு வெளியே இரும்போடு கால்சியமும் சேர்ந்த அங்கரைட். ஆஸ்திரேலியாவிலேயே மெக்ஆர்தர் ரிவரில், மாங்கனீசு கலந்த டோலமைட் (கால்சியம்-மக்னீசியம் கார்பனேட்) தாதுவைத் தாண்டி வெகுதூரம் போகிறது. கொடை நடக்கிற கோவிலுக்கு வழி கேட்கவா செய்கிறோம்? மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடுவோம். மாங்கனீசு எங்களுக்கு அந்த மேளம்.

வள்ளியூர்: ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) பார்த்தால் போதாதா?

உதவும். கடல்நீரில் படிந்த கார்பனேட்டில் கார்பன்-13 அளவை ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மட்கிய உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன் அதைக் கீழே இழுக்கும். ஒரே நீரில் படிந்தாலும் சூடு கூடினால் ஆக்ஸிஜன்-18 குறையும். ஆனால் ராஜஸ்தானின் ராம்புரா ஆகுச்சா சுரங்கம் மாதிரி பின்னால் கடும் வெப்பமும் அழுத்தமும் பட்ட இடத்தில் பழைய எண்கள் கலைந்திருக்கும். எண்ணை நம்பும் முன் பாறையின் கதையைக் கேளுங்கள்.

களக்காடு: கல்லின் மேல் ஆசிட் ஊற்றினேன், பொங்கவில்லை. கார்பனேட் இல்லையா?

கால்சைட் உடனே பொங்கும். டோலமைட்டைப் பொடியாக்கவேண்டும். சிடரைட் குளிர்ந்த அமிலத்தில் லேசில் அசையாது. பாத்ரூம் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள். கல்லில் சல்ஃபைடு இருந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு வரும்.

சங்கர்நகர்: தலையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் துத்தநாகம் கிடைக்குமா?

கார்பனேட் இருந்தால் மட்டும் போதாது. உப்புநீர், பிளவு, கந்தகம் எல்லாம் ஒரே இடத்தில் கூடவேண்டும். அங்கே இருப்பது உருமாறிய படிகச் சுண்ணாம்புக்கல். சிமென்டுக்கு நல்லது.

அம்பை: தாமிரபரணியில் தாமிரம் உண்டா?

பெயராராய்ச்சி என் துறை இல்லை.

சேரன்மகாதேவி: காரீயம் விஷம் என்கிறார்கள். எங்க ஆச்சி ஈயச் சொம்பில்தான் ரசம் வைத்தாள். அப்போ?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ரசச் சொம்பு வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான். ஆச்சியைக் குறை சொல்லாதீர்கள்.

நாங்குநேரி: இல்லை சார், கடையில் இரண்டையும் கலக்கிறார்கள்.

கலப்படம் நடக்கலாம், அதை மறுக்கவில்லை. அதற்கு ஆச்சி என்ன செய்வாள்?

பேட்டை: காகிதத்தில் தேய்த்துக் கறுப்பு விழுந்தால் காரீயம். எங்க அப்பா சொன்னது.

சுத்தக் காரீயம் கோடு போடும். கொஞ்சமாகக் கலந்தது போடாமல் தப்பிக்கும். தண்ணீரில் அமுக்கி அடர்த்தி பார்ப்பதும் அப்படித்தான்: வெள்ளீயம் தண்ணீரைப்போல் 7.3 மடங்கு, காரீயம் 11.3 மடங்கு, ஆனால் சிறு கலப்பு அதில் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுங்கள். அப்புறம், ரசத்தை ஊற்றிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

நாங்குநேரி: அப்போ கடைக்காரன் பண்ணுவது சரியா?

தம்பி, நான் கார்பனேட் பற்றிப் பேச வந்தேன்.

கடையம்: என் கல்லும் ஆசிட்டில் பொங்கவில்லை சார்...

களக்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பாத்ரூம் ஆசிட்டைக் கீழே வையுங்கள்.