கம்பம் ஏற வேண்டியிருக்குமா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, போன சனிக்கிழமை சுங்கை சிப்புட் மண்டபத்தில் நீங்கள் கேட்டதற்குக் கூட்டத்தில் நின்றபடி ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "எலக்ட்ரிக்கல் படித்தால் கம்பம் ஏறணுமா?" என்றீர்கள். பக்கத்தில் மகன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் ஆசைப்படுவது நாடு முழுக்க ஓடும் மின்சாரத்தைக் கண்காணித்துக் காக்கும் பொறியாளர் வேலை. அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துப் பெரட்டு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுப்பது, உங்களுக்குத் தெரியும். டிவிஷனுக்கு டிவிஷன் கங்காணியின் கடிகாரம் மாறினால், எந்த ஆள் முதலில் காட்டுக்குப் போனார் என்று கிராணியால் சொல்ல முடியாது. மின்சாரத்திலும் அதே சிக்கல்தான். நம் மலேசிய நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையாக ஏறி இறங்குகிறது. பேராவில் ஓர் அலை, ஜொகூரில் ஓர் அலை. ஒரே கணத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோண வித்தியாசம் இருக்கும். அது விரிந்துகொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது. ஆனால் கடிகாரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே 18 டிகிரி தப்பாகிவிடும்! அதனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்து அளக்கிறார்கள். இப்படி அலையின் கோணத்தை அளக்கும் கருவிக்குப் பெயர் பிஎம்யு (PMU). இதை 1988-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த அருண் பாட்கே.

பழைய முறையில் கட்டுப்பாட்டு அறைக்குச் சில நொடிக்கு ஒரு தடவைதான் அளவு வந்து சேரும். பிஎம்யு நொடிக்கு 50 தடவைகூட அனுப்பும். ஒரு வட்டார ஜெனரேட்டர்கள் இன்னொரு வட்டாரத்தோடு ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும். ஜெனரேட்டரின் மின்னழுத்தக் கட்டுப்பாட்டைத் திருத்தி ஆட்டத்தை அடக்கலாம். மிஞ்சினால் ஒரு பகுதிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தி மற்றதைக் காப்பாற்றலாம். 1996 ஆகஸ்ட் 3 மாலை தீபகற்பமே இருண்டது, ஞாபகம் இருக்கிறதா? அப்படி ஒன்று திரும்ப வராமல் காக்கிற வேலை இது. பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையிலும் கணினியிலும். துணை மின்நிலையத்துக்கும் போய்வர வேண்டியிருக்கும். கம்பம் ஏறுவது வேறு ஆட்கள்.

படிப்பு? ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் இயற்பியலும் கூடுதல் கணிதமும் நன்றாக வர வேண்டும். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம்., அதன்பின் நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டம். இடம் கிடைக்காவிட்டால் பொலிடெக்னிக் டிப்ளோமா வழியாகவும் பட்டத்துக்குப் போகலாம். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள், அக்கா. எங்கே சேர்ந்தாலும் அந்தப் பட்டத்துக்குப் பொறியாளர் வாரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஎம்யு-வுக்கென்று மட்டும் இருக்கும் வேலைகள் குறைவு. அதனால் மின்சக்திப் பொறியியலை முழுசாகப் படிக்கட்டும், கூடவே நிரல் எழுதவும் பழகட்டும்.

அடுத்த முறை அவனுடைய கூடுதல் கணித நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் பார்க்கலாம். சைன் வளைவை அவன் கையால் வரைந்த பக்கம்தான் எனக்கு வேண்டும்.